ஓநாய்ப் பள்ளத்திலிருந்து இறங்கும் தண்ணீர்

நெவென்காவுக்கு எதைக் கண்டாலும் பயம். இடி பயம், கட்டாத நாய் பயம். தபால்காரர் வாசலில் நின்று முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் பயம். லிப்னிக்கில் இது ஊரறிந்த விஷயம். "நெவென்கா வர்றா, யாரும் தும்மிடாதீங்கப்பா" என்று ஒயின் கடை வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவாள். சிரிக்காமல் போனால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று அதற்கும் ஒரு பயம்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. காமாலை வருஷத்துக்குப் பிறகுதான் அப்படி ஆனாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரு பால்பண்ணை இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் கழிப்பறைக் குழி கசிந்திருக்கிறது. லிப்னிக் சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கும் ஊர். பெய்கிற மழை தரையில் ஓடாது. பள்ளங்களில் இறங்கி, பாறைப் பொந்துகளுக்குள் புகுந்து, எங்கெங்கோ சுற்றிவிட்டு ஊருக்குக் கீழே குகை வாயில் ஊற்றாக வெளியே வரும்; ஊர்க் குழாய்களுக்கு ஏறுவதும் அந்தத் தண்ணீர்தான். வழியில் வடிகட்டுவதற்கு மண் கிடையாது. மேலே கொட்டியதைத்தான் கீழே குடிக்க வேண்டும். அந்த இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் கண் மஞ்சளாகிப் படுத்தார்கள். நெவென்காவும் படுத்தாள், எழுந்தாள். ஒரே கட்டிலில் அவளோடு படுத்திருந்த தம்பி இவோ எழவில்லை.

பிறகு வளர்ந்தாள், முடி திருத்தும் வேலை கற்றாள், ரோடு போடும் அரசாங்கக் கம்பெனியில் லாரி ஓட்டிய ஸ்தோயனைக் கட்டிக்கொண்டாள். வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலசும் பேசின் ஒன்று. ஆண், பெண் இருவருக்கும் அதே நாற்காலிதான். உர்ஷ்கா என்று ஒரே மகள். படித்துவிட்டுக் கடற்கரையில் கோப்பர் நகரத்தில் வேலைக்குப் போனாள்.

பழைய கூட்டரசு உடைந்து நாடு தனியாகப் பிரிந்த சில வருஷங்களில் ஊராட்சிகளையும் புதிதாகப் பிரித்தார்கள். லிப்னிக்கும் சுற்றுப்பட்டுச் சிற்றூர்களும் சேர்ந்து ஒரு ஊராட்சி ஆனது. முதல் மன்றத்துக்கு இவர்கள் தெருப்பக்கமிருந்து நிற்க ஆளில்லை. யாரோ நெவென்கா பெயரைச் சொன்னார்கள். "நீ யாரையும் பகைச்சுக்க மாட்டே, அதான் நீ" என்றார்கள். முடியாது என்று சொல்லப் பயந்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டாள். மன்றக் கூட்டங்களில் பக்கத்தில் இருப்பவர் கை தூக்கினால் தூக்குவாள், இறக்கினால் இறக்குவாள். அப்படியே நாலு வருஷத்தையும் ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஸ்ரெச்கோ அவளோடு படித்தவன். பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துக் கணக்கு எழுதிய பையன். இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் இத்தாலிவரை அவனுடைய லாரிகள் ஓடின. தீயணைப்பு நிலையத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் அவன்தான், கால்பந்துப் பையன்களுக்கு உடுப்பு வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். ரோடு கம்பெனியை இழுத்து மூடியபோது ஸ்தோயனைக் கூப்பிட்டு வேலை கொடுத்ததும் அவன். அன்றிலிருந்து நெவென்கா அவனிடம் 'நீ' போட்டுப் பேசுவதை விட்டுவிட்டாள். 'நீங்க' என்றாள். அவனும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஊருக்கு மேலே, பழைய பால்பண்ணையையும் தாண்டி, ஓநாய்ப் பள்ளம் என்று ஒரு மேய்ச்சல் நிலம். நிலம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள். ஸ்ரெச்கோ அதை விலைக்கு வாங்கி, ஒரு ஓரத்தில் லாரிகளை நிறுத்தத் தொடங்கியிருந்தான். இப்போது அதை மேய்ச்சல் நிலத்திலிருந்து தொழில் நிலமாக மாற்றித் தரச் சொல்லி மன்றத்தில் மனு போட்டான். டீசல் தொட்டி, பட்டறை, வண்டி கழுவும் தளம் எல்லாம் வரும், இருபது பேருக்கு வேலை கிடைக்கும் என்றான்.

அதே நேரத்தில் ஊராட்சித் தலைவி அடெலா வேறு ஒரு விதியைக் கொண்டுவந்தாள். அடெலா கால்நடை மருத்துவர், வாய் கொஞ்சம் காரம். ஊற்றுக்கு மேலே இருக்கும் சரிவு முழுவதையும் இரண்டு வளையமாகப் பிரிக்க வேண்டும் என்றது அவள் விதி. உள்வளையத்தில் கட்டடம் கூடாது, எண்ணெய் கூடாது, எருக்குவியல் கூடாது. வெளிவளையத்தில் வீடு இருக்கலாம், ஆனால் கழிவுத் தொட்டி ஒரு சொட்டு ஒழுகாமல் அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஓநாய்ப் பள்ளம் உள்வளையத்தில் வந்தது. இது நிறைவேறினால் அது செத்துப்போகும், அது நிறைவேறினால் இது. இரண்டையும் ஒரே கூட்டத்தில் வைத்து முடிவெடுப்பது என்றானது.

ஊரில் அடெலாவின் விதியை யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லார் வீட்டுக் கழிவுத் தொட்டியும் தாத்தா காலத்துக் கல் கட்டு. அடியில் ஓட்டை என்று எல்லாருக்கும் தெரியும். "இனிமே ஆடு புழுக்கை போடணும்னாலும் அடெலாகிட்ட கையெழுத்து வாங்கணும்" என்று சிரித்தார்கள். நெவென்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்தோயன் குடும்பத்து நிலம் ஒன்று, செர்ரி மரங்கள் நிற்கிற துண்டு, உள்வளையத்தில் மாட்டியிருந்தது. உர்ஷ்கா கல்யாணம் செய்துகொண்டு அங்கேதான் வீடு கட்டுவதாக இருந்தாள். வரைபடம்கூடப் போட்டாகிவிட்டது. ஆகவே நெவென்கா அதிகம் யோசிக்கவில்லை. ஸ்ரெச்கோவுக்குக் கை தூக்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

செப்டம்பரில் விடாமல் மழை பெய்தது. மழை விட்ட மறுநாள் காலை ஓய்வுபெற்ற டீச்சர் பெபினா தலை அலச வந்தாள். பேசினில் கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். நெவென்கா குழாயைத் திறந்து வெந்நீரை அவள் நெற்றிக்கு மேலே பிடித்தாள். ஆவியோடு சேர்ந்து டீசல் நெடி எழுந்தது.

முதலில் வெளியே ஏதோ வண்டி நிற்கிறது என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தாள். தெரு காலி. திரும்பிக் குனிந்து முகர்ந்தாள். தண்ணீர்தான்.

"என்னடி இது, என் தலைக்கு வைத்தியமா பண்றே?" என்றாள் பெபினா கண்ணைத் திறக்காமல். "எங்க வீட்டு காப்பிலயும் காலைல இதே நாத்தம். மருமக வேலைன்னு நினைச்சேன்."

நெவென்கா குழாயை மூடினாள். துண்டை எடுத்து அந்தக் கிழவியின் தலையை ஈரமில்லாமலே துடைத்துக்கொண்டிருந்தாள். இவோவின் கண்கள், மஞ்சளாக, சுவரைப் பார்த்தபடி இருந்தது நினைவுக்கு வந்தது. பெபினாவைச் சும்மா அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினாள்.

மத்தியானம் ஸ்தோயன் சாப்பிட வந்தான். முட்டைக்கோசும் பீன்ஸும் போட்ட சூப்பை வைத்தாள். தண்ணீரில் டீசல் நாற்றம் வருகிறது என்று சொன்னாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். தலையை நிமிர்த்தவில்லை. எழுந்து கொல்லைப்புறத்து விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தட்டில் பாதியை வைத்துவிட்டு அவன் எழுந்ததில்லை. நெவென்காவுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் பயமாக இருந்தது. அரை மணி நேரம் அடுப்படியிலேயே நின்றாள். அப்புறம் போனாள்.

அவன் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தான்.

"நீயா?" என்றாள்.

"ஓட்டுன்னாரு, ஓட்டினேன். கொட்டுன்னாரு, கொட்டினேன்."

"என்னத்தை?"

"பழைய ஆயில். வண்டி கழுவுற குழியிலேர்ந்து அள்ற கசடு. பள்ளத்துக்கு அடியில ஒரு பொந்து இருக்கு. டேங்கரைப் பின்னால விட்டுத் திறந்துவிட்டா அப்படியே உள்ள போயிடும். எங்கே போகுதுன்னு நான் யோசிக்கலை."

"எவ்வளவு நாளா?"

"கேக்காதே நெவென்கா."

அவள் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி நடமாடினார்கள். நெவென்கா தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். கொதிக்க வைத்தால் டீசல் போகாது என்று தெரிந்தும் கொதிக்க வைத்தாள். அடெலாவிடம் சொன்னால் ஸ்தோயனைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைத்தான் குடிக்கும். தெருவில் போலீஸ் வண்டி போனால் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். எண்ணெய் அளவு கொஞ்சம் கூடுதல்தான், இனி மழை இல்லாததால் குறைந்துவிடும் என்று பதில் வந்தது. ஸ்ரெச்கோ அதற்குள் எங்கோ ரோட்டில் இத்தாலிக்காரன் வண்டி கவிழ்ந்து கொட்டியிருக்கும் என்று ஒயின் கடையில் சொல்லி, ஊரும் அதை நம்பத் தொடங்கியிருந்தது. நெடி குறைந்ததும் பேச்சும் குறைந்தது.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்ரெச்கோ முடி வெட்டிக்கொள்ள வந்தான். வழக்கமாக அவன் நகரத்தில் வெட்டிக்கொள்பவன். வந்து, நல்ல விதமாக வணக்கம் சொல்லி, மேல்கோட்டைக் கழற்றி மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டாள்.

கொஞ்ச நேரம் குளிரைப் பற்றிப் பேசினான். உர்ஷ்காவின் கல்யாணம் எப்போது என்று விசாரித்தான். அவள் பதில் சொல்லிக்கொண்டே வெட்டினாள். பின்கழுத்தை மழிக்கச் சவரக்கத்தியை எடுத்ததும் அவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

"அடெலாவோட விதி வந்தா மக வீடு போச்சு, இல்லையா?" என்றான் குனிந்தபடியே.

"ஆமாங்க."

"ஸ்தோயன் நல்ல டிரைவர். ஆனா எந்தெந்த வண்டியை எப்பெப்ப எங்க ஓட்டினான்னு கேட்டா, அவன் பேரு மட்டும்தான் வரும். நான் அந்த வண்டிலெல்லாம் ஏறினதே இல்லை. இந்த மாதிரி கேசுல உள்ள போறது யாருன்னு நினைக்கறே, முதலாளியா?"

அவள் கையில் கத்தி இருந்தது. அவன் கழுத்து, நரம்பு துடிப்பது தெரிகிற மாதிரி, அவளுடைய விரல்களுக்குக் கீழே இருந்தது. ஆனாலும் நடுங்கியது அவள்தான். அவன் மூச்சு ஒரே சீராக இருந்தது.

"நான் மிரட்டறேன்னு நினைச்சுக்காதே. கூடப் படிச்சவ நீ. உன் குடும்பம் நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன்."

கத்தி லேசாக நழுவி, காதுக்குக் கீழே ஒரு கீறல் விழுந்தது. ரத்தம் முத்தாகத் துளிர்த்தது. அவள் மன்னிப்புக் கேட்டாள். படிகாரக் கட்டியை எடுத்து அழுத்தினாள். மறுபடி மன்னிப்புக் கேட்டாள். அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்தான். காசு கொடுத்தான், வழக்கத்தைவிட அதிகமாக. அவன் போன பிறகு நெவென்கா கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். நடந்ததை ஸ்தோயனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன செய்துகொள்வானோ என்று பயந்தாள்.

கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிடுவதென்று முடிவு செய்தாள். காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால் யார் என்ன கேட்க முடியும்? கூட்டத்தன்று மத்தியானமே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். படுத்ததும் உண்மையிலேயே உடம்பு சுட்டது. உர்ஷ்கா போனில் கூப்பிட்டாள். "அம்மா, நீ அந்த விதிக்குக் கை தூக்கினா என் வீட்டை நீயே இடிச்ச மாதிரி. ஞாபகம் வெச்சுக்கோ" என்றாள். கூட்டத்துக்கே போகவில்லை, உடம்பு சரியில்லை என்று நெவென்கா சொன்னதும், அதுவும் நல்லதுதான் என்று போனை வைத்துவிட்டாள்.

ஸ்தோயன் வேலையிலிருந்து வந்தான். முந்தின இரண்டு நாளும் அவன் இருட்டிய பிறகுதான் வந்திருந்தான். அன்று சீக்கிரம் வந்துவிட்டான். எங்கே வேலை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொள் என்று ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். கட்டில் பக்கத்தில் நின்றான். அவள் கை நீட்டினாள். அவன் கொடுக்கவில்லை. தம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். முகர்ந்து பார்த்தான். பிறகு ஜன்னலைத் திறந்து வெளியே ஊற்றிவிட்டு, பால் சூடாக்கிக் கொண்டுவரப் போனான்.

நெவென்கா எழுந்து உட்கார்ந்தாள். காலுறையை மாட்டிக்கொண்டாள்.

ஊராட்சிக் கூடத்தில் அன்று உட்கார இடமில்லை. வெளியே வாடைக்காற்று ஆரம்பித்திருந்தது. ஓடுகள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் வைத்த கற்கள் அசைகிற சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. பார்வையாளர் வரிசையில் முதல் நாற்காலியில் ஸ்ரெச்கோ, காதுக்குக் கீழே சிறு பிளாஸ்திரியோடு. மன்றத்தில் ஆளாளுக்குப் பேசினார்கள். வேலை வேண்டும் என்றார்கள். தண்ணீர் வேண்டும் என்றார்கள். தொட்டி கட்டப் பணம் யார் தருவது என்றார்கள். அடெலா டீசல் நெடியைப் பற்றிச் சொன்னபோது பின்னாலிருந்து ஒருவர் "அது மாட்டு மூத்திரமா இருக்கும், உனக்குத்தான் பழக்கமாச்சே" என்று சொல்ல, கூடமே சிரித்தது. ஓட்டுக்கு விடலாமா என்று கேட்டாள் அடெலா.

நெவென்கா கை தூக்கினாள். இன்னும் ஓட்டெடுப்பு தொடங்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் அவள் கையைப் பிடித்து இறக்கப் பார்த்தார். அவள் மறுபடி தூக்கினாள்.

"என்ன நெவென்கா?"

அவள் எழுந்தாள். சொல்ல வந்தது ஒன்று, வெளியே வந்தது வேறொன்று. "நாம யாருமே அந்த இடத்தைப் போய்ப் பாக்கலையே தலைவரம்மா. பாத்துட்டு ஓட்டுப் போடலாமே" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

ஸ்ரெச்கோ எழுந்து, தாராளமாக வரலாம், நாளை காலையிலேயே வரலாம், காப்பி தயாராக இருக்கும் என்றான். அவன் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதைப் பார்த்து நெவென்காவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

மறுநாள் காலை மேலே போனார்கள். ஓநாய்ப் பள்ளம் வெள்ளையாகக் கிடந்தது. குழியின் அடிவரைக்கும் புது ஜல்லி கொட்டி, சமமாக நிரவி, ஒரு பழைய டப்பாகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். ஒரு மேஜையில் காப்பி, பிராந்தி, ஹாம் துண்டுகள். குழிக்கு ஓரத்தில் பொக்லைன் நின்றது. அதன் பக்கத்தில் வேலை உடுப்போடு, கையைக் கட்டிக்கொண்டு, ஸ்தோயன்.

கூட்டத்துக்கு முந்தின இரண்டு நாளும் அவன் இருட்டிய பிறகு வந்தது எதற்கு என்று அவளுக்கு அப்போது விளங்கியது. மூடியதும் அவனே. அவன் இவள் பக்கம் பார்க்கவே இல்லை.

மன்றத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சுற்றி வந்தார்கள். அடெலா குனிந்து கல்லை எடுத்து முகர்ந்தாள். காற்று அடித்த வேகத்தில் எதுவும் தெரிந்திருக்காது. ஸ்ரெச்கோ பட்டறை இங்கே வரும், தொட்டி அங்கே வரும் என்று காட்டினான். "பாத்தாச்சில்ல?" என்றார் ஒருவர். எல்லாரும் பிராந்திக் கிளாஸை வைத்துவிட்டு வண்டிகளை நோக்கித் திரும்பினார்கள். நெவென்காவுக்குத் தெரியும், இப்போது அவள் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ஸ்தோயன் ஜெயிலுக்குப் போவான். அவளும் திரும்பி நடந்தாள்.

பின்னால் இன்ஜின் உறுமியது.

ஸ்தோயன் பொக்லைனில் ஏறி உட்கார்ந்திருந்தான். வண்டி குழிக்குள் மெதுவாக இறங்கியது. ஸ்ரெச்கோ கையை ஆட்டிக்கொண்டே ஓடினான், நிறுத்து என்று கத்தினான். காற்றில் சரியாகக் கேட்கவில்லை. பொக்லைனின் கை நீண்டு ஜல்லியில் குத்தியது, வாரியது, பக்கத்தில் கொட்டியது. மறுபடி குத்தியது. வெள்ளைக் கல்லுக்கு அடியிலிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, ஏதோ மேலே வந்தது. நசுங்கிய பீப்பாய் ஒன்று வாளிப் பல்லில் மாட்டித் தொங்கியது. அதற்குப் பிறகு காற்று அடித்தும் பயனில்லை. நெடி எல்லார் மூக்கிலும் ஏறியது. ஒருவர் கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டார். குழியின் அடியில் பொந்து வாய் பிளந்து கிடந்தது. கறுப்புக் கசடு அதன் உதட்டில் வழிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஸ்தோயன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நான்தான் கொட்டினேன், தலைவரம்மா" என்றான் அடெலாவிடம். "மூடினதும் நான்தான். சொன்னது யாருன்னு அவரையே கேட்டுக்குங்க."

ஸ்ரெச்கோ அவனை விட்டுவிட்டு நெவென்கா பக்கம் திரும்பினான். "உன் புருஷனை நீயே குழில தள்ளிட்டே" என்றான் தாழ்ந்த குரலில்.

அவளுக்குக் கை, கால், தாடை எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஆடிக்கொண்டே சொன்னாள்: "உன் பேத்தியும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கறா, ஸ்ரெச்கோ. நீ என்ன வாங்கித் தர்றே அவளுக்கு, பாட்டில் தண்ணியா?"

அவன் தன் வண்டியில் ஏறினான். அவன் மருமகள் வீட்டில் கோடையிலிருந்தே பாட்டில் தண்ணீர்தான் என்பது அப்புறம்தான் ஊருக்குத் தெரியவந்தது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் ஓட்டெடுப்பில் அடெலாவின் விதி ஒரே ஓட்டில்தான் பிழைத்தது. அவனவனுக்கு அவனவன் கழிவுத் தொட்டிக் கவலை. அந்த ஒரு ஓட்டு உன்னுடையதுதான் என்று நெவென்காவிடம் எல்லாரும் சொன்னார்கள், சிலர் பாராட்டியும் பலர் திட்டியும். கை தூக்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலம் கொடுமையானது. ஸ்தோயனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவை அவன் கிளம்பும்போதும் திரும்பி வரமாட்டான் என்றே அவள் நினைத்தாள். கடைசியில் அபராதம் போட்டு, சிறைத் தண்டனையை நிறுத்திவைத்து விட்டார்கள். ஸ்ரெச்கோவுக்கும் அபராதம்தான், அவனுக்கு அது ஒரு லாரியின் டயர் விலை. ஸ்தோயன் கொஞ்ச நாள் சும்மா இருந்தான், பிறகு கோப்பர் துறைமுகத்தில் கிரேன் வேலை கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் பாதியானார்கள். போன் அடிக்கும், எடுத்தால் மறுமுனையில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்கும். ஒரு காலை வாசல் படியில் கழுத்து திருகிய கோழி கிடந்தது. அதைப் புதைத்துவிட்டு அவள் கதவுக்குள் நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள், ஸ்தோயன் வந்து தட்டும்வரை. பெபினா டீச்சர் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தாள். "பயந்தவளே இவ்வளவு பண்ணிட்டே, தைரியசாலியா இருந்தா எங்களையெல்லாம் என்ன பாடு படுத்தியிருப்பியோ" என்று சொல்லிச் சிரித்தாள்.

உர்ஷ்கா ஒரு வருஷம் பேசவில்லை. கல்யாணமானதும் அவளும் மாப்பிள்ளையும் கடன் வாங்கி, கோப்பரில் அடுக்குமாடியில் சிறிய வீடு வாங்கினார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் வந்தாள். வந்தவள் செர்ரி மரத்துத் துண்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள். அந்தத் துண்டை இன்று யாரும் விலைக்குக் கேட்பதில்லை. நெவென்காவின் கடைக்கும் புதிய தொட்டி கட்ட வேண்டியிருந்தது. விதிக்குக் கை தூக்கியவள் வீட்டிலேயே முதலில் வந்து பார்த்தார்கள்.

ஓநாய்ப் பள்ளத்துக் கசடை அள்ளி எடுத்துப்போக இரண்டு கோடை ஆனது. பொந்துக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பெரிய மழைக்குப் பிறகு முதல் நாள் ஊர் இன்னமும் குழாயைத் திறந்து சும்மா ஓடவிடுகிறது.

ஸ்ரெச்கோ தன் லாரிகளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனான். அது வேறு ஊராட்சி. அங்கே வளையமும் கிடையாது, விதியும் கிடையாது. அங்கே ஒரு மேய்ச்சல் நிலத்தைத் தொழில் நிலமாக மாற்ற மனு போட்டிருக்கிறான், மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அந்த ஊரில் நெவென்காவுக்கு ஒருவரையும் தெரியாது. அது அவள் தண்ணீரும் இல்லை.

"போகணுமா?" என்று கேட்டான் ஸ்தோயன்.

"வேண்டாம்னுதான் இருக்கு" என்றாள். வண்டிச் சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

வழியில் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டோரத்தில் குனிந்து நின்றாள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறி உட்கார்ந்தாள். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஸ்ரெச்கோவின் பின்கழுத்து தெரிந்தது. ஊராரெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தலைமை வகித்தவர் யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். நெவென்காவின் கை மேலே போயிற்று. நீங்கள் எந்த ஊர், உங்கள் பெயர் என்ன என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். குரல் பாதிதான் வந்தது, அதனால் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்லச் சொன்னார்கள்.